பத்து வினாடிக் கையிருப்பு

தடா ஸ்டேஷனில் நின்ற பாசஞ்சர் வண்டி கிளம்பும்போது, பெட்டிக்குப் பெட்டி கொக்கி இழுபட்டு ஒரு உலுக்கு வரும். நிற்பவர் பக்கத்து ஆள் தோளைப் பிடித்துக்கொள்வார். மேலே கம்பியில் மாட்டிய தூக்குச்சட்டி சாயும். 2001-ல் எனக்குத் தூக்குச்சட்டியைப் பற்றிக் கவலை இல்லை. மடியில் டிஸ்க்மேன் இருந்தது. அந்த உலுக்கில் பாட்டு அறுபடுமா, தாங்குமா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். தாங்கிவிட்டால் ஆரம்பாக்கம் வரை நிம்மதி.

எந்தக் கம்பெனி செய்தாலும் எங்கள் பக்கம் அதற்கு டிஸ்க்மேன் என்றுதான் பெயர். சோனி தன் பொருளுக்கு வைத்த பெயர் அது. டால்டா, ஜெராக்ஸ் போல எல்லாவற்றுக்கும் பொதுவாகிவிட்டது. பார்த்திராத பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: டிபன் தட்டை விடச் சிறியது, வட்டம், இரண்டு விரல் கனம். மூடியைத் திறந்தால் நடுவில் ஒரு குமிழ். சிடியை அதன் மேல் வைத்து அழுத்தினால் 'டக்' என்று உட்காரும். குமிழுக்குப் பக்கத்தில் மீன் கண் மாதிரி ஒரு சிறு லென்ஸ். அடியில் இரண்டு பென்சில் பேட்டரி. ஹெட்போனை மாட்டினால் ஊர் காணாமல் போகும்.

இந்தப் பொருள் முதலில் மரக்கட்டையாகப் பிறந்தது. 1982 அக்டோபர் 1 அன்று சோனி தன் முதல் சிடி பிளேயரை ஜப்பானில் விற்பனைக்கு வைத்தது. விலை 1,68,000 யென். அலமாரியில் வைக்கும் பெரிய பெட்டி. முதல் பரபரப்பு அடங்கியதும் விற்பனை மந்தமானது. அப்போது அங்கே ஆடியோ பிரிவை நடத்திய கோசோ ஓசோனே ஒரு மரத்துண்டை வெட்டிப் பொறியாளர்கள் முன்னால் வைத்தார்: சதுரமாக 13.4 சென்டிமீட்டர், கனம் 4 சென்டிமீட்டர். நான்கு சிடி உறைகளை அடுக்கினால் வரும் அளவு. இதற்குள் அடக்குங்கள் என்றார். 1984 நவம்பரில் டி-50 என்ற பெயரில் அது வெளிவந்தது. விலை ஐம்பதாயிரம் யென்னுக்குச் சற்றுக் கீழே. கையில் எடுத்துப் போகலாம் என்று பெயர்தான். அதற்குள் பேட்டரி வைக்க இடம் இல்லை. பேட்டரியைத் தனியாக ஒரு பைக்குள் போட்டுத் தோளில் மாட்டிக்கொள்ள வேண்டும். நடக்கலாம், நடந்தால் பாட்டு எகிறும்.

ஏன் எகிறுகிறது என்று புரிந்துகொள்ள அந்தத் தட்டின் மேல் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். சிடியில் பாட்டு நடுவிலிருந்து விளிம்பை நோக்கிச் சுருளாக ஓடுகிறது. கிராமபோன் தட்டுக்கு நேர் எதிர். பிரித்து நீட்டினால் சுமார் ஐந்து கிலோமீட்டர் வரும். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி 1.6 மைக்ரோமீட்டர், ஒரு தலைமுடியின் அகலத்தில் நாற்பது சுற்றுகள் அடங்கும். லேசர் ஒளி அந்த ஒற்றைத் தடத்தைத் தவறவிடாமல் பின்தொடர வேண்டும். தட்டும் சும்மா இருப்பதில்லை, நடுவில் நிமிடத்துக்கு 500 சுற்று, விளிம்புக்குப் போகப் போக 200 என்று ஓடிக்கொண்டே இருக்கிறது. இதை மடியில் வைத்துக்கொண்டு நம் ஊர் ரயிலில் உட்கார்ந்தால் என்ன ஆகும்? லென்ஸ் தடம் மாறும். தேடும். கிடைத்த இடத்திலிருந்து பாடும். பல்லவியில் இருந்தவர் சரணத்தில் இருப்பார்.

இதற்குக் கண்டுபிடித்த மருந்து எளிமையானது. எனக்கு இன்றும் அதன் மேல் மரியாதை உண்டு. தட்டை இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றி, நாம் கேட்பதற்கு முன்பே பாட்டை வாசித்து ஒரு மெமரி சிப்பில் சேர்த்து வைப்பது. காதுக்குப் போவது சிப்பிலிருந்துதான். உலுக்கில் லென்ஸ் தடம் தவறினால், அது திரும்பித் தேடிப் பிடிக்கும் வரை சிப்பில் உள்ள கையிருப்பு ஓடும். வீட்டில் அரிசிப் பானை மாதிரி. ரேஷன் கடை திறக்காவிட்டாலும் இரண்டு நாள் சமைக்கலாம்.

கையிருப்பு எவ்வளவு என்பதெல்லாம் வெறும் கணக்கு. சிடியில் ஒரு வினாடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட், இடம் வலம் என இரண்டு காது. பெருக்கினால் வினாடிக்குச் சுமார் 14 லட்சம் பிட். 4 மெகாபிட் சிப் இருந்தால் மூன்று வினாடி. 16 மெகாபிட் இருந்தால் பத்து வினாடி. பெட்டியின் மேல் 3, 10, 40 என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த எண்களின் ரகசியம் இவ்வளவுதான். நாற்பது வினாடி என்பது பெரிய சிப் இல்லை. அதே சிப்பில் பாட்டை நசுக்கி வைப்பது. நசுக்கியதன் வித்தியாசம் காதுக்குத் தெரியும் என்று சிலர் சண்டை போடுவார்கள். ரயில் பெட்டியில் வேர்க்கடலைக்காரர் குரலுக்கு நடுவே எனக்குத் தெரியவில்லை.

என்னுடையதை வாங்கியது 2001 பொங்கல் முடிந்த வாரம். பாரிமுனையில் ஒரு கணக்குப்பிள்ளை வேலை. சாயங்காலம் பர்மா பஜாருக்குப் போனேன். பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்களின் பிழைப்புக்காக 1960-களின் கடைசியில் ராஜாஜி சாலை ஓரம் கிடைத்த இடம் அது. கடல் தாண்டி வரும் மின்சாமான் எதுவானாலும் முதலில் அங்கேதான் தலைகாட்டும். போகும் முன் ரிச்சி தெருவில் ரிப்பேர் வேலை பார்க்கும் நண்பன் ஒருவன் பாடம் எடுத்திருந்தான். பெட்டியில் போட்டிருக்கும் எண்ணைப் பார்க்காதே என்றான். "நீயே ஒரு சிடி எடுத்துட்டுப் போ. நிறைய பாட்டு இருக்கிற சிடி. மொதல் பாட்டைப் போடாத, கடைசிப் பாட்டைப் போடு."

காரணம் உண்டு. கடைசிப் பாட்டு விளிம்பில் இருக்கிறது. தட்டு துளி வளைந்திருந்தாலும் ஆட்டம் அதிகம் தெரிவது விளிம்பில்தான். அங்கே தடுமாறாமல் வாசித்தால் லென்ஸும் அதை நகர்த்தும் பொறியும் நன்றாக இருக்கின்றன என்று அர்த்தம். அடுத்து, மூடியை மூடியதும் மொத்தம் எத்தனை பாட்டு என்று திரையில் காட்ட எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்க்கச் சொன்னான். மூன்று நான்கு வினாடிக்குள் காட்டினால் நல்லது. பத்து வினாடி முக்கி முனகினால் வேண்டாம். மூன்றாவது, கையில் எடுத்து ஆட்டிக்கொண்டே பத்து எண்ண வேண்டும்.

கடைக்கார அண்ணன் நான் ஆட்டுவதைப் பார்த்துச் சிரித்தார். "என்னா தம்பி, சாமி வந்துச்சா?"

"ரயில்ல போறதுக்குண்ணே."

"எங்க போற?"

"தடா."

"ஆந்திராவா?" என்று கேட்டுவிட்டு, ஏதோ வெளிநாட்டு ஏற்றுமதி போல இன்னொரு பெட்டியை எடுத்து வைத்தார். அது எம்பி3 சிடியும் வாசிக்கும். பிலிப்ஸ் கம்பெனி அதற்கு முந்தைய ஆண்டுதான் அந்த மாதிரிக் கையடக்கப் பிளேயரை இறக்கி, மற்றவர்களும் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார்கள். விலை கிட்டத்தட்ட இரட்டிப்பு. அதை ஒதுக்கிவிட்டு, சாதா சிடி மட்டும் பாடும் பத்து வினாடிப் பிளேயரை வாங்கினேன். 'மேட் இன் மலேசியா' என்று அடியில் இருந்தது. சிங்கப்பூர் வழியாக வந்திருக்க வேண்டும். அடாப்டரில் மூன்று சதுரக் கால்கள். நம் வீட்டுச் சுவரில் இருப்பதோ வட்ட ஓட்டை. அதற்கு ஒரு மாற்று பின் தனியாகப் பதினைந்து ரூபாய்.

நண்பனின் பாடத்தை ஒழுங்காகக் கேட்டேன். ஆனால் தேர்வு தப்பு. அதை ஆறே மாதத்தில் உணர்ந்தேன்.

முதலில் சுகமான மாதங்கள். தடாவில் பாட்டுக்கு எல்லை கிடையாது. ஒரே தெருவில் ஒரு வீட்டில் தமிழ், அடுத்த வீட்டில் தெலுங்கு, மூன்றாவது வீட்டில் எது வாயில் வருகிறதோ அது. இளையராஜாவின் 'கீதாஞ்சலி' 1989-ல் தெலுங்கில் வந்து, தமிழில் 'இதயத்தைத் திருடாதே' ஆனது. பக்கத்து வீட்டு அக்கா தெலுங்கில் பாடுவார், அதே மெட்டை என் அம்மா தமிழில் முணுமுணுப்பார். எது அசல் என்று இருவருக்கும் சண்டை வராததற்குக் காரணம், இரண்டிலும் இருந்த இளையராஜாவை இரண்டு வீடும் தன் ஆள் என்று நினைத்ததுதான். டிஸ்க்மேனில் காது ஒன்று எனக்கு, ஒன்று அக்காவின் தம்பிக்கு. ஹெட்போன் வளையத்தை விரித்து விரித்து இரண்டாவது மாதத்திலேயே பிளாஸ்டிக் வெள்ளை பூத்துவிட்டது.

அந்த ஏப்ரல் 18-ம் தேதி மொட்டை மாடியில் நின்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முதல் ஜிஎஸ்எல்வி ராக்கெட் போவதைப் பார்த்தோம். மார்ச் 28 அன்று கிளம்ப ஒரு வினாடி இருக்கும்போது தானாக நின்றுபோன அதே ராக்கெட். பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம் புகை எழும்பியது. என் காதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்ததால் அந்த ஓசையைக் கேட்காமல் விட்டேன். அம்மா வெகுநாள் இதைச் சொல்லித் திட்டினார்.

பேட்டரிதான் செலவு. உலுக்கு தாங்கும் வசதியைப் போட்டு வைத்தால் தட்டு இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றும், பேட்டரி சீக்கிரம் தீரும். வீட்டில் மேசை மேல் வைத்துக் கேட்கும்போது அந்தப் பொத்தானை அணைத்துவிட வேண்டும் என்பது சிற்றேட்டிலேயே இருந்தது, யார் படித்தார்கள்? இன்னொன்று, சிடியைத் துடைக்கும் விதம். எல்லோரும் கிராமபோன் தட்டு போல வட்டமாகத் துடைப்பார்கள். வட்டமாக விழும் கீறல் தடத்தோடு சேர்ந்தே ஓடும், தொடர்ச்சியாகப் பாட்டை அழிக்கும். நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைத்தால், கீறல் விழுந்தாலும் தடத்தைக் குறுக்கே வெட்டிப் போகும். அந்த அளவு காயத்தை, வரும் தகவலை வைத்து இட்டு நிரப்பும் கணக்கு சிடியிலேயே இருக்கிறது. அதைவிட முக்கியம் படம் அச்சடித்த மேல்பக்கம். பாடும் பக்கத்தில் 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் காவல் இருக்கிறது; மேல்பக்கத்தில் மெல்லிய வார்னிஷ் பூச்சுதான். பால்பாயிண்ட் பேனாவால் மேலே பெயர் எழுதி என் சித்தப்பா மகன் இரண்டு சிடியைக் கொன்றான்.

இனி என் தவறு. அந்த வருஷக் கடைசிக்குள் சூளூர்பேட்டையிலும் கும்மிடிப்பூண்டியிலும் எம்பி3 சிடி போட்டுக் கொடுக்கும் கடைகள் வந்துவிட்டன. நோட்டில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்தால் சாயங்காலம் ஒரே தட்டில் நூற்றைம்பது பாட்டு. 700 மெகாபைட் தட்டில் 128 கிலோபிட் தரத்தில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வரும். சாதா சிடியில் 74 நிமிடம். என் டிஸ்க்மேன் அந்தத் தட்டை வாங்கிக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, தெரியாது என்று கையை விரிக்கும்.

இதில் கசப்பான வேடிக்கை ஒன்று உண்டு. நான் எந்த உலுக்கைக் கண்டு பயந்து தேர்ந்தெடுத்தேனோ, அந்த உலுக்குக்கும் எம்பி3 பிளேயரே நல்ல பதில். பாட்டு ஏற்கனவே பத்தில் ஒரு பங்காகச் சுருங்கி இருப்பதால், என் பிளேயரில் பத்து வினாடி பிடிக்கும் அதே சிப்பில் அங்கே ஒன்றரை இரண்டு நிமிடம் பிடிக்கும். தட்டு ஓயாமல் சுற்ற வேண்டியதும் இல்லை. கையிருப்பு நிரம்பியதும் ஓய்வெடுக்கும், பேட்டரியும் மிச்சம். கடைக்கார அண்ணன் ரயில் என்ற வார்த்தையைக் கேட்டுவிட்டுத்தான் அதை எடுத்து வைத்தார். நான்தான் விலைக்காக ஏமாற்றுகிறார் என்று நினைத்தேன்.

மினிடிஸ்க் என்று ஒன்றும் இருந்தது. சோனி 1992-ல் கொண்டுவந்த சின்னத் தட்டு, சதுர உறைக்குள் பத்திரமாக இருக்கும், வீட்டிலேயே பதிவு செய்யலாம், உலுக்கையும் தாங்கும். ஜப்பானில் கொண்டாடினார்கள். நம் பக்கம் பாட்டுக் கடைகளில் அந்தத் தட்டை நான் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. பாட்டு கிடைக்காத பிளேயர் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்து என்ன?

2003-ல் வேலை மாறி, ரயிலை விட்டுப் பஸ்ஸுக்கு வந்தேன். தங்க நாற்கரச் சாலைக்காக நெடுஞ்சாலையை அகலப்படுத்திக்கொண்டிருந்த காலம். மாற்றுப்பாதையில் இறங்கி ஏறும் பஸ்ஸில் பத்து வினாடி எந்த மூலைக்கு? பள்ளம் பத்து வினாடிக்கு மேல் நீண்டுகொண்டே போகும். பீமுனிவாரிபாளையம் செக்போஸ்டில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும்போது பஸ்ஸும் ஊரும். அப்போது மட்டும் ஒரு முழுப் பாட்டு கேட்கலாம். சரக்குக்கு ரசீது இல்லாமல் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குப் போன என் டிஸ்க்மேனை எந்த அதிகாரியும் ஒருநாளும் கேட்டதில்லை.

லென்ஸ் அந்த ஆண்டே மங்கத் தொடங்கியது. முதலில் பழைய சிடிகளை மறுத்தது, பிறகு கீறல் விழுந்தவற்றை, கடைசியில் புதியவற்றையும். சின்ன பிரஷ் ஒட்டிய கிளீனர் சிடியைப் போட்டுப் பார்த்தேன். ஒரு வாரம் பாடியது. ரிச்சி தெரு நண்பன் மூடியைக் கழற்றி, லென்ஸ் அருகே கடுகு அளவு இருந்த ஒரு திருகை மயிரிழை திருப்பினான். உயிர் வந்தது.

"லேசருக்கு கரண்ட்டைக் கொஞ்சம் ஏத்தி விட்டிருக்கேன். கெழவனுக்கு டானிக் குடுத்த மாதிரி. ஓடும், ஆனா சீக்கிரம் போயிடும்" என்றான்.

எட்டு மாதம் ஓடியது. அதற்குப் பிறகு சித்தப்பா மகன் கேட்டு வாங்கிப் போய், அடாப்டரில் செருகி, இரண்டு ஸ்பீக்கரோடு இணைத்து மேசைப் பிளேயராக வைத்திருந்தான். மேசையில் அசையாமல் இருந்ததால் அந்தச் செத்த லென்ஸும் எப்படியோ இன்னும் சில மாதம் பாடியது. ரயிலுக்கென்று வாங்கிய பொருள் ரயிலை விட்டு இறங்கிய பிறகுதான் நிம்மதியாக இருந்தது.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். தட்டு மலிந்தது. நொய்டாவின் மோசர் பேயர் கம்பெனி 28 ரூபாய்க்கு சினிமா விசிடி விற்றது. 2018-ல் அதே கம்பெனியைக் கலைக்க உத்தரவானது. பாட்டு மெமரி கார்டுக்குப் போனது, அங்கிருந்து போனுக்கு.

அந்தப் போன் எங்கள் ஊர்ப் பக்கத்திலேயே பிறக்கும் என்று மட்டும் நான் நினைத்ததில்லை. தடாவுக்கு மேற்கே, சத்தியவேடு, வரதய்யபாளையம் மண்டலங்களில் ஸ்ரீசிட்டி வந்தது. சத்தியவேடு 1960 ஏப்ரல் 1-ல் எல்லை மாற்றும் வரை செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த ஊர், பிறகு சித்தூர். தடா அப்போது நெல்லூர் மாவட்டம். 2022 ஏப்ரலில் இரண்டும் புதிய திருப்பதி மாவட்டத்துக்குள் வந்தன. அந்த ஸ்ரீசிட்டியில் பாக்ஸ்கான் ஆலை 2015-ல் ஷியோமியின் ரெட்மி 2 பிரைம் போனைப் பூட்டத் தொடங்கியது. அந்தக் கம்பெனியின் போன் இந்தியாவில் உருவானது அதுதான் முதல் தடவை. விலை 6,999 ரூபாய். விடிகாலையில் எங்கள் தெரு முனையில் கம்பெனி பஸ் நிற்கும். பக்கத்துக் கிராமத்துப் பெண்பிள்ளைகள் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஏறுவார்கள். காதில் பாட்டு. பஸ் எவ்வளவு குலுங்கினாலும் அவர்கள் பாட்டு அறுபடாது. உள்ளே சுற்றும் உறுப்பு எதுவுமே கிடையாது.

இப்போது பழைய சிடி பிளேயர்களைத் தேடி வாங்கும் பையன்கள் கிளம்பியிருக்கிறார்கள். அவர்களுக்கு என் தீர்ப்பு: சத்தத்துக்காக வாங்குகிறோம் என்று ஏமாறாதீர்கள். அந்தக் கையடக்கப் பெட்டியில் இருப்பது சாதாரண சத்தம்தான். ஒரு தட்டை முதல் பாட்டிலிருந்து கடைசி வரை வரிசை மாற்றாமல் கேட்கும் பொறுமை வேண்டும் என்றால் வாங்குங்கள். வாங்கும்போது பெயரையும் பளபளப்பையும் விட்டுவிட்டு, உங்கள் சிடியின் கடைசிப் பாட்டைப் போட்டுப் பாருங்கள். எம்பி3 வாசிப்பதாக இருக்கட்டும். லென்ஸ் போனால் மாற்று லென்ஸ் கிடைக்குமா என்று முன்கூட்டியே ரிச்சி தெருவில் கேட்டுக்கொள்ளுங்கள்.

என்னுடையது போன வருஷம் சித்தப்பா வீட்டுப் பரணிலிருந்து திரும்பி வந்தது. தூசியைத் துடைத்துவிட்டு அடியில் திறந்தேன். இரண்டு பேட்டரியும் உள்ளேயே இருந்தன. வெள்ளையாய்ப் பொங்கி, ஸ்பிரிங்கைத் தின்று, பச்சை பூத்துப் பலகை வரை போயிருந்தது. உங்கள் வீட்டிலும் ஒன்று எங்கேயாவது கிடக்கும். பாடுகிறதோ இல்லையோ, இன்றைக்கே எடுத்து பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்.